பகல்நேரத் தொடர்களுக்கு விமர்சனம் எழுதும் முறை

பகல்நேரத் தொடர்களைப் பற்றி எழுத விரும்புபவர், முதலில் அவற்றைக் கேட்கப் பழக வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊரிலோ சாயல்குடிப் பக்கத்திலோ நண்பகலில் ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்த்தால், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுப் பெண்ணின் கைகளோ மீன் அரிந்துகொண்டோ ஓலைப்பெட்டி முடைந்துகொண்டோ இருக்கும். கண் வேலையிலும் காது கதையிலும் இருக்கும் இவர்களுக்காகத்தான் வசனம் உறவைச் சொல்லியே ஆளை அழைக்கிறது. முக்கியமான செய்தி இரண்டு மூன்று முறை பேசப்படுகிறது. இரவில் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்க்கும் விமர்சகர் இதையெல்லாம் இழுவை என்று எழுதிவிடுவது பெரிய அநீதி. உண்மையான இழுவை வேறு: ஒரு வாரம் முழுவதும் எவரும் எந்த முடிவும் எடுக்காமல் அதிர்ந்த முகங்களே மாறி மாறி வருவது. இரண்டையும் பிரித்தறிய, ஒரு வாரம் திரையைப் பார்க்காமல் கேட்டு, புரிந்ததை எழுதிவைத்து, பிறகு பார்த்து ஒப்பிடுங்கள்.

குறிப்பேட்டில் தேதி, எபிசோடு எண் இவற்றோடு கதை, திரைக்கதை, வசனம் ஆகியவற்றை எழுதியவர்களின் பெயர்களைத் தனித்தனியே பதியுங்கள். வசனகர்த்தா மாறினால் பாத்திரத்தின் பேச்சே மாறிவிடும்.

தொலைக்காட்சிப் பார்வையாளர்களைக் கணக்கிடும் பார்க் (BARC) அமைப்பு, மீட்டர் பொருத்திய மாதிரி வீடுகளைக் கொண்டு வாராவாரம் தரும் டி.ஆர்.பி. புள்ளிகள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை மதிப்பிடுமே தவிர ஏன் பார்த்தார்கள் என்பதைச் சொல்லாது. அதை நீங்கள்தான் கேட்டறிய வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். கீழக்கரையிலும் தங்கச்சிமடத்திலும் கேளுங்கள்: மாளிகையும் கூட்டுக்குடும்பமுமாக வரும் கதைகளில் தம்மைப் போன்ற இஸ்லாமிய, கிறித்தவக் குடும்பங்களை எத்தனை முறை கண்டார்கள்? பாம்பன் சின்னப்பாலத்தில் கடலில் இறங்கிப் பாசி எடுத்துக் குடும்பம் நடத்தும் பெண்கள், மாமியாரிடம் அடங்கி அழும் நாயகியை எப்படி மதிப்பிடுகிறார்கள்? சென்னையில் அமர்ந்து எழுதுபவருக்கு எளிதில் கிட்டாத இந்தப் பதில்களே உங்கள் விமர்சனத்தின் பலம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செய்தி எழுதும்போது புரோமோவை அப்படியே செய்தியாக்காதீர்கள். நடிகையரின் சொந்த வாழ்க்கை பற்றிய ஊகங்களைத் தொடவே வேண்டாம். நேர மாற்றம், நடிகர் மாற்றம் ஆகியவற்றைத் தயாரிப்புத் தரப்பிடம் உறுதிசெய்த பிறகே வெளியிடுங்கள். தொடக்கத்தில் இதில் மட்டுமே பிழைப்பது கடினம் என்பதால், பகுதிநேரச் செய்தியாளர் பணியும் கைவசம் இருக்கட்டும். ஒரே தொடரைப் பற்றி ஒரு மாத இடைவெளியில் இரண்டு கட்டுரைகள் எழுதி, அவற்றையே பத்திரிகை ஆசிரியருக்கு மாதிரியாக அனுப்புங்கள்; ஒரு கதையை விடாமல் பின்தொடர முடிகிறதா என்பது அதில் அவருக்குத் தெரிந்துவிடும்.