முழங்கையில 'டப்'புன்னு கேட்டுச்சா? சுளுக்குன்னு விட்றாதீங்க

பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் கடல் வேலை பாக்குறவங்க இதை கவனமா படிங்க, ஏன்னா இந்த அடி பெரும்பாலும் விழுந்து வர்றதில்ல, வேலை நடுவுலயே வருது. ரெண்டு பேரா ஐஸ் பெட்டியை தூக்குறீங்க, முழங்கை மடங்கியிருக்கு, எதிர்ல புடிச்சவருக்கு கை வழுக்கிருச்சு, மொத்த வெயிட்டும் உங்க பக்கம் எறங்கி மடக்குன கையை வெடுக்குன்னு நிமித்துது. தசை சுருங்க பாக்குது, வெயிட்டு இழுக்குது, அப்பதான் மேல்கை முன்பக்க தசையான பைசெப்ஸோட கீழ் தசைநாண், அதாவது தசையை எலும்போட கட்டி வெக்கிற கயிறு, ஆரை எலும்புலேர்ந்து (முன்கையில கட்டைவிரல் பக்கத்து எலும்பு) பிச்சுக்கிட்டு வந்துருது.

பெரிய தப்பு, "கை மடங்குதே, ஒண்ணுமில்ல"ன்னு நெனைக்கிறது. பைசெப்ஸுக்கு அடியில பிரேக்கியாலிஸ்னு இன்னொரு தசை இருக்கு, அது கையை மடக்கி குடுத்துரும், நாமளும் ஏமாந்துருவோம். உள்ளங்கையை மேல திருப்புறதுதான் பைசெப்ஸோட முக்கியமான வேலை, வலது கையால என்ஜின் நட்டை முறுக்கி டைட் பண்றோமே அந்த திருப்பு. அறுந்ததை அப்படியே விட்டா அந்த பலத்துல சுமார் 40 சதவீதம் போயிரும், கடல்ல என்ஜின் நின்னா அப்ப தெரியும் அதோட அருமை.

அடுத்தது எண்ணெய் போட்டு நீவி இறுக்கி கட்டு போடுறது. முழங்கை மடிப்புல ரத்தம் கட்டி கருநீலமா இருக்கு, மேல்கை தசை தோள் பக்கமா சுருண்டு உருண்டையா நிக்குதுன்னா அது சுளுக்கே இல்ல, முழுசா அறுந்தது நீவுனா எலும்புல போய் ஒட்டாது. ஆபரேஷன் தேவைப்பட்டா முதல் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள பண்றது சுலபம், லேட்டானா தசைநாண் மேல ஏறி தழும்போட ஒட்டிக்கும், அப்புறம் வேற எடத்துலேர்ந்து தசைநாண் எடுத்து சேத்து தைக்க வேண்டி வரலாம். அந்த நாளைத்தான் கட்டு போட்டு கழிக்கிறோம், எனக்கு வருத்தமே இதுதான்.

எக்ஸ்ரே நல்லாருக்குன்னும் நிம்மதியாயிடாதீங்க, அதுல எலும்புதான் தெரியும். டாக்டர் முழங்கையை மடக்கி உள்ளங்கையை மேல திருப்ப சொல்லி, வெளிப்பக்கத்துலேர்ந்து விரலை கொக்கி மாதிரி மாட்டி பாப்பாரு, கயிறு மாதிரி ஒண்ணு மாட்டலைன்னா சந்தேகம், ஸ்கேனோ எம்ஆர்ஐயோ எடுக்கணும். எல்லாருக்கும் ஆபரேஷன் வேணும்னு இல்ல, பாதி அறுந்தது, வயசானவங்கன்னா சும்மாவும் சமாளிக்கலாம், ஆனா அதை டாக்டர் முடிவு பண்ணட்டும்.

அதிகம் மாட்டுறது 30லேர்ந்து 60 வயசு ஆம்பளைங்க. எலும்புல ஒட்டுற எடத்துகிட்ட ரத்த ஓட்டம் ஏற்கனவே கம்மி, பீடி சிகரெட் அதை இன்னும் கெடுக்கும், ஜிம்முல ஸ்டீராய்டு போடுற தம்பிங்களுக்கும் ஆபத்து இருக்கு. ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் தடைக்காலம் முடிஞ்சு முதல் நாளே முழு பாரத்தை தூக்குறதும் நல்லதில்லைன்னு நான் நெனைக்கிறேன்.

கையை ஊணி விழுந்தப்புறம் முழங்கையை நீட்ட முடியலைன்னா அது பின்பக்க ட்ரைசெப்ஸா இருக்கலாம், அதையும் உடனே காட்டுங்க.

ஆபரேஷன் முடிஞ்சவங்க வலி போச்சுன்னு மறுமாசமே வலை இழுக்க போயிடுறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், தச்சது எலும்போட ஒட்டி பலமாக மாசக்கணக்கு ஆகும், கனமான வேலைக்கு பொதுவா நாலஞ்சு மாசம் கழிச்சு டாக்டர் சரின்னு சொன்னா போங்க.