செப்புக் குடத்து நீரில் செம்பின் அளவு: கையடக்க மீட்டரால் அறியும் முறை

இரவில் செப்புக் குடத்தில் நிரப்பி வைத்த தண்ணீரைக் காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த நீரில் எவ்வளவு செம்பு கரைந்திருக்கிறது என்பதை டி.டி.எஸ். மீட்டரால் அறிய இயலாது. அது நீரின் மின்கடத்துதிறனைக் கொண்டு கரைந்த உப்புகள் அனைத்தையும் ஒரே எண்ணாகக் காட்டுமே தவிர, அதில் செம்பின் பங்கைப் பிரித்துச் சொல்லாது. இதற்குத் தேவைப்படுவது, செம்புக்கென்றே தயாரிக்கப்படும் கையடக்கக் கலரிமீட்டர். அதனுடன் வரும் பொடியில் உள்ள பைசின்கோனினேட் என்னும் வேதிப்பொருள் செம்புடன் சேர்ந்து ஊதா நிறம் தரும். செம்பு கூடுதலாக இருந்தால் நிறம் அடர்த்தியாகும். அந்த நிறத்தின் வழியே எவ்வளவு ஒளி கடக்கிறது என்பதை அளந்து கருவி எண்ணாகக் காட்டும்.

வாங்கும்போதே அளவெல்லையைக் கவனிக்க வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500:2012 லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராமை அனுமதிக்கத்தக்க உச்சமாகவும் வகுத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 2 மில்லிகிராம். உண்மை அளவைவிட 0.05 மில்லிகிராம் கூடவோ குறையவோ காட்டக்கூடிய கருவியைக் கொண்டு 0.05 என்ற எல்லையைச் சோதிப்பதில் பொருளில்லை. குழாய் நீரை நுட்பமாக அளக்க பி.பி.பி. (பி.பி.எம். அலகில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலகில் காட்டும் கருவியும், குடத்து நீருக்குச் சில பி.பி.எம். வரை காட்டும் கருவியும் பொருந்தும். நீரைப் பொறுத்தவரை ஒரு பி.பி.எம். என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றே கொள்ளலாம்.

குடத்தில் ஊற்றும் நீரிலேயே ஒரு பங்கைத் தனியாகச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்து வையுங்கள். காலையில் இரண்டையும் அளந்தால்தான் குடம் சேர்த்தது எவ்வளவு, குழாயிலேயே வந்தது எவ்வளவு என்பது தெரியும். குடத்து நீரை மரக்கரண்டியால் மெல்லக் கலக்கிவிட்டு மாதிரி எடுக்க வேண்டும்.

அளவீட்டில் பிழை பெரும்பாலும் கண்ணாடிக் குப்பியிலிருந்தே வருகிறது. மாதிரி நீராலேயே குப்பியை இருமுறை அலசி, குறியிட்ட கோடுவரை நிரப்பி, மூடியிட்டு, வெளிப்புறத்தைப் பஞ்சு நூல் உதிராத துணியால் துடைக்க வேண்டும்; விரல்ரேகையும் ஈரத்துளியும் ஒளியைத் தடுத்து அளவைக் கூட்டிக் காட்டும். பொடி போடாத அந்த நீரை வைத்தே கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். நீரில் ஏற்கெனவே இருக்கும் லேசான நிறம் இதனால் கழிந்துவிடும். பிறகு அதே குப்பியில் ஒரு பாக்கெட் பொடியை முழுவதும் கொட்டிக் குலுக்கி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, சுவரில் ஒட்டிய குமிழிகள் நீங்கியபின் அளக்க வேண்டும். அவசரப்பட்டால் நிறம் முழுமையாக உருவாகாமல் எண் குறைந்துவிடும். பூஜ்யமாக்கும்போது குப்பி நின்ற திசையிலேயே இப்போதும் நிற்க வேண்டும். மூடியில் ஒரு புள்ளி இட்டுக்கொள்வது எளிய வழி.

எண் கருவியின் உச்சத்தைத் தாண்டினால், மாதிரியுடன் சம அளவு டிஸ்டில்டு வாட்டர் கலந்து மீண்டும் அளந்து, விடையை இரண்டால் பெருக்குங்கள். கருவியின் மேல் ஐயம் எழுந்தால் செறிவு தெரிந்த செம்புக் கரைசலை அளந்து பார்ப்பதே சரி. கடையில் சொல்லும் உத்தரவாதம் அதற்கு ஈடாகாது.

குடத்து நீரில் எண் எதிர்பாராமல் உயர்ந்திருந்தால் முதலில் புளியைச் சந்தேகிக்கலாம். களிம்பு போகப் புளியிட்டுத் தேய்த்த குடத்தைச் சரியாக அலசாவிட்டால், மிஞ்சிய அமிலம் செம்பைக் கரைக்கும். அமிலத்தன்மை உள்ள நீர் எதுவும் அப்படித்தான். எலுமிச்சைச் சாற்றையும் மோரையும் வெள்ளீயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது என்பது இதனால்தான். நன்றாக அலசிய குடத்தில் அதே நீரை நான்கு மணி நேரம், எட்டு மணி நேரம் என வைத்துத் தனித்தனியே அளந்தால், உங்கள் வீட்டு நீருக்கு எவ்வளவு நேரம் போதும் என்பது தெரிந்துவிடும். பொடி கலந்த நீரை யாரும் குடித்துவிடாதபடி உடனே கொட்டி, நிறம் படியுமுன் குப்பியைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.