கொடியிலிருந்து சுவர் வரை: 25 மீற்றர் தடாகத்தில் மல்லாக்கு நீச்சல்

2024 டிசம்பரில் புடாபெஸ்டில் நடந்த உலகக் குறுந்தடாக (25 மீற்றர் தடாக) நீச்சல் போட்டியின் காணொளியை, கிளிநொச்சியில் என் வீட்டு விறாந்தையில் நான்கு பிள்ளைகளோடு இருந்து ஒரே கைபேசியில் பார்த்தேன். பெண்கள் மல்லாக்கு நீச்சலில் 50, 100, 200 மீற்றர் மூன்றிலும் அமெரிக்காவின் ரீகன் ஸ்மித்துக்குத்தான் தங்கம். பாதியில் ஒருத்தி கேட்டாள்: "ரீச்சர், ஆள் எங்க? மேல காணேல்லையே."

சரியான கேள்வி. ஆள் தண்ணீருக்கடியில் இருந்தார். மல்லாக்கு நீச்சலில் தொடக்கத்திலும் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் 15 மீற்றர் வரை அடியில் போகலாம். அந்த 15 மீற்றருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும். இப்போது கணக்குப் போடுங்கள். 50 மீற்றர் தடாகத்தில் 100 மீற்றர் நீந்தினால் சுவரை உதைப்பது இரண்டு தடவை. அடியில் 30 மீற்றர். 25 மீற்றர் தடாகத்தில் நான்கு தடவை உதைக்கலாம், அடியில் 60 மீற்றர். அதே 2024இல் ஸ்மித் 100 மீற்றரை 50 மீற்றர் தடாகத்தில் 57.13 செக்கனிலும், புடாபெஸ்டில் 54.02 செக்கனிலும் நீந்தினார். அந்த மூன்று செக்கன் சுவர் கொடுத்தது.

கனடாவின் மாகி மக்நீல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் தங்கம் வென்றவர். அவரே 2022இல் மெல்பேர்னில் 50 மீற்றர் மல்லாக்கு நீச்சலிலும் 25.25 செக்கனில் உலக சாதனையோடு வென்றார். இரண்டு கால்களையும் சேர்த்து அடிக்கும் டொல்பின் உதை இரண்டு நீச்சலுக்கும் பொது. அதனால்தான் கை வீச்சை அழகாக்குவதில் மாதக்கணக்கைச் செலவழிக்காமல் உதையிலும் சுவரிலும் தொடங்குங்கள் என்று சொல்கிறேன்.

நான் முரசுமோட்டைப் பக்கம் வாய்க்காலில் நீந்தப் பழகியவள். மல்லாக்கக் கிடந்து வானம் பார்ப்பது நம் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. அடியில் மல்லாக்கப் போவதுதான் புதிது. மூக்குக்குள் தண்ணீர் ஏறினால் பிள்ளை அன்றோடு பயந்துவிடும். "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே போகச் சொல்லுங்கள்; மூக்கால் காற்று மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும், தண்ணீர் ஏறாது. கைகள் தலைக்கு மேலே, ஒரு புறங்கை மேல் மற்றக் கையின் உள்ளங்கை, காதை ஒட்டி. உதை முழங்காலில் தொடங்கக் கூடாது, இடுப்பில் தொடங்க வேண்டும். முதல் மாதம் ஐந்து மீற்றர் போதும், பிறகு எட்டு. 15 மீற்றர் எல்லோருக்கும் வேண்டியதில்லை. உதையின் வேகம் குறையும் முன் மேலே வர வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். யார் கூடநேரம் மூச்சடக்குவது என்ற பந்தயத்தைத் தடாகத்தில் விடாதீர்கள். பிள்ளை சத்தமில்லாமல் மயங்கிவிடும். குளத்தில் அடிநீச்சல் பழகவே வேண்டாம். கலங்கல் தண்ணீரில் ஆளைக் காணமுடியாது, தாமரைக்கொடி காலைச் சுற்றும், நம் குளங்களில் முதலையும் உண்டு.

அடுத்தது கொடி. மல்லாக்க நீந்தும் பிள்ளைக்குச் சுவர் தெரியாது; தலைக்கு மேலே குறுக்கே கட்டிய கொடிகள்தான் சுவர் கிட்டிவிட்டது என்று சொல்லும். நான் முன்பு பழக்கிய ஒரு தடாகத்தில் கொடிக் கயிறு இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை முழு வேகத்தில் வந்து சுவரில் தலையை அடித்தாள். மூன்று தையல். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த நாளே நாங்கள் கொடி கட்டினோம். நான்கு காட்டுத்தடி, பெயின்ற் வாளிகளில் சீமெந்து ஊற்றி நட்டது. குறுக்கே நைலோன் கயிறு. கிழித்த உரப்பைத் துண்டுகள்தான் கொடி. சுவரிலிருந்து சரியாக 5 மீற்றர், தண்ணீர் மட்டத்திலிருந்து 1.8 மீற்றர் உயரம். இந்த இரண்டு அளவையும் நாடா பிடித்து அளந்தே கட்டுங்கள். உலகப் போட்டியிலும் இதே அளவுதான், அதனால் இங்கே பழகிய எண்ணிக்கை எங்கே போனாலும் உதவும்.

எண்ணிக்கை என்பது, கொடி கண்ணுக்கு நேரே வந்ததும் சுவர் தொடும்வரை எத்தனை கை வீச்சு என்பது. என் பிள்ளைகளில் அநேகருக்கு ஐந்து அல்லது ஆறு. மெதுவாக நீந்தும்போது எண்ணினால் பிழைக்கும், போட்டி வேகத்தில் எண்ணிப் பாருங்கள். ஆறு கையில் தொடுகிறவள் நான்காவதோடு குப்புறப் புரண்டு, அடுத்த கையை இழுத்தபடியே குட்டிக்கரணம் போட வேண்டும். சிலருக்கு ஒரு கை முன்பின்னாகும். பிள்ளை வளர வளர இந்த எண் குறையும். மாதத்துக்கு ஒருதடவை புதிதாக எண்ணுங்கள். தரையில் பாய் விரித்து, மேலே ஒரு கயிறு கட்டியும் இதைப் பழக்கலாம்.

இங்கேதான் தகுதிநீக்கம் அதிகம். புரண்ட பிறகு ஒரே தொடர்ச்சியான இழுப்பு, உடனே திருப்பம். புரண்டுவிட்டுச் சுவர் எட்டவில்லையே என்று மிதந்துபோனால் நடுவர் கை உயர்த்துவார். சுவரை விட்டுக் கால் பிரியும்போது முதுகு கீழே இருக்க வேண்டும்.

தொடக்கம் தண்ணீருக்குள் இருந்து. முதல் நீண்ட விசிலுக்கு இறங்குவது, இரண்டாவதுக்குச் சுவருக்கு வருவது. கால்விரல் விளிம்பில் மடிந்து பிடிக்கக் கூடாது. பாசி பிடித்த சுவரென்றால் முதலில் உரஞ்சிக் கழுவுங்கள், வழுக்கினால் பிள்ளை அப்படியே கீழே போய்விடும். தலையை முதலில் பின்னே எறிய வேண்டும், உடம்பு வில்லாக வளைந்து பின்தொடரும். முதுகு தட்டையாக விழுந்து சிவந்தால் தலை பிந்திவிட்டது என்று பொருள்.

வெய்யில் கண்ணைக் கூசும் என்பார்கள். கறுப்பு நீச்சல் கண்ணாடி போட்டால் போதும். 2022 மெல்பேர்ன் போட்டியும் திறந்த வெளித் தடாகத்தில்தான் நடந்தது.

பிள்ளை பதின்மூன்றைத் தாண்டியதும் தாய்மார் வருவார்கள். "ரீச்சர், பெரிய பிள்ளையாகிட்டாள், இனி வேண்டாம்." நான் வாதாடுவதில்லை. "ஒருக்கா வந்து கரையில இருந்து பாருங்கோ அம்மா" என்பேன். பயிற்சிக்கு முழுக்காற்சட்டையும் நீளக் கையும் போடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. சர்வதேசப் போட்டியிலும் பெண்களின் உடை முழங்கால் வரை இருக்கலாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிமிகோ ரஹீமும், 2024 பாரிஸில் கங்கா செனவிரத்னவும் இலங்கைக்காக நீந்தியது இதே 100 மீற்றர் மல்லாக்கு நீச்சல். அதையும் சொல்வேன். வந்த தாய்மாரில் இருவர் இப்போது எங்கள் செக்கன் கணக்கை எழுதுகிறார்கள்.

கடைசியாக முடிவுத் தொடுகை. கொடியிலிருந்து அதே எண்ணிக்கை, ஆனால் புரளக் கூடாது, மல்லாக்கவே தொட வேண்டும். சுவர் எங்கே என்று தலையைத் திருப்பிப் பார்க்கும் பிள்ளை தோளையும் சேர்த்துத் திருப்பிக் குப்புறத் தொட்டுவிடும். என் மாணவி ஒருத்தி இரண்டாம் இடத்தை அப்படித்தான் இழந்தாள். 2023க்குப் பிறகு கடைசி 5 மீற்றரில் உடம்பு முழுதாகத் தண்ணீருக்குள் போனாலும் பிழையில்லை. ஆகவே கடைசிக் கையோடு தலையைப் பின்னே தாழ்த்தி, ஒரு டொல்பின் உதையோடு விரல்நுனியை நீட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் கொடியிலிருந்து பத்துத் தொடுகை, கண் கொடியில், எண்ணிக்கை வாயில்.