தண்டனை பெற்றவர் வெளிநாடு செல்ல நீதிமன்ற அனுமதி பெறுவது எப்படி?

இந்தியாவில் குற்ற வழக்கில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டுக் காலத்தில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீனில் இருப்பவர்களுக்கு, கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும், அனுமதியின்றி நாட்டை விட்டுச் செல்லக் கூடாது என்ற நிபந்தனைகள் பல வழக்குகளில் விதிக்கப்படுகின்றன. இவை இரண்டும் தனித்தனித் தடைகள். கடவுச்சீட்டு கைக்குத் திரும்பிவிட்டது என்பதாலேயே பயண அனுமதி கிடைத்துவிட்டதாகக் கருதக் கூடாது. ஆகவே, உத்தரவின் சான்றிட்ட நகலைப் பெற்று, எந்தத் தடை உள்ளது, அது எப்போது முடிகிறது என்பதை முதலில் வழக்கறிஞருடன் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தண்டனை பெற்றவருக்கு ஆயுள் முழுவதும் கடவுச்சீட்டு கிடைக்காது என்று பலரும் நம்புவது தவறு. 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம், பிரிவு 6(2)(e)யின்படி மறுப்பதற்கு, குற்றம் ஒழுக்கக்கேடு சார்ந்ததாகவும், சிறைத்தண்டனை இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமலும், தீர்ப்பு விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் வந்ததாகவும் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அப்பிரிவைக் காட்டி மறுக்க இயலாது. விண்ணப்பத்தில் தண்டனையை மறைப்பது மட்டும் கூடவே கூடாது. பிரிவு 12இன்படி அதுவே இரண்டு ஆண்டுகள் வரை சிறைக்குரிய தனிக் குற்றமாகும்.

பயண அனுமதி மனுவை, நிபந்தனையை விதித்த நீதிமன்றத்தில், அதாவது மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருந்தால் அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது உறுப்பைச் சார்ந்தது என்பதை மேனகா காந்தி வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது உண்மைதான். ஆனாலும், என் கருத்தில், மனுவின் வலிமை அந்த மேற்கோளைவிட விவரங்களிலேயே இருக்கிறது. மனுதாரர் திரும்பி வருவாரா என்பதே நீதிபதியின் முதன்மையான கவலை. எனவே செல்லும் நாடு, புறப்படும் நாள், திரும்பும் நாள், தங்கும் முகவரி, செலவை ஏற்பவர் ஆகியவற்றையும், சிகிச்சை, வேலை, திருமணம் என எக்காரணமாயினும் அதற்கான ஆவணத்தையும் இணைக்க வேண்டும். உள்ளூரில் இருக்கும் குடும்பம், சொத்து, இதுவரை ஒரு வாய்தாவும் தவறாமல் ஆஜரானது ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். கூடுதல் பிணைதாரரையோ வைப்புத் தொகையையோ தாமாகவே முன்வந்து அளிப்பது, அரசுத் தரப்பின் எதிர்ப்பை எதிர்கொள்ளப் பெரிதும் உதவும். அரசுத் தரப்பு பதில் தாக்கல் செய்ய அவகாசம் கேட்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே மனுச் செய்வதும், உத்தரவு வரும்வரை பணம் திரும்பாத பயணச்சீட்டை வாங்காதிருப்பதும் நல்லது.

உத்தரவில் நாடும் காலமும் வெளிப்படையாக இடம்பெறுமாறு வழக்கறிஞர் கேட்டுப் பெற வேண்டும். லுக் அவுட் சுற்றறிக்கை (ஒருவர் நாட்டை விட்டு வெளியேறுவதைத் தடுக்குமாறு குடிவரவு அதிகாரிகளுக்கு அனுப்பப்படும் அறிவிப்பு) நிலுவையில் இருந்தால், குடிவரவு அதிகாரிகளுக்கான கட்டளையையும் அதே உத்தரவில் பெறாவிட்டால், அனுமதி கையில் இருந்தும் விமான நிலையத்தில் தடுக்கப்பட நேரிடும். இந்திய நீதிமன்றத்தின் அனுமதி வேற்று நாட்டின் விசா அதிகாரியைக் கட்டுப்படுத்தாது. விசாப் படிவத்தில் தண்டனையைப் பற்றிக் கேட்டால் உண்மையையே எழுத வேண்டும்.

திரும்பியதும், குறித்த கெடுவுக்குள் கடவுச்சீட்டை மீண்டும் ஒப்படைத்து, வருகை முத்திரையிட்ட பக்கத்தின் நகலுடன் நீதிமன்றத்தில் திரும்பி வந்ததைத் தெரிவிக்கும் குறிப்பை (மெமோ) தாக்கல் செய்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அனுமதி கேட்கும்போது இணைக்கத்தக்க சிறந்த ஆவணம் அதுவே.