ஒரு தாள், ஒரு பென்சில், நான்கு பெட்டிகள்: செல் உப்பை எப்படிக் கடத்துகிறது?

சிறுநீரகப் பாடத்தைத் திறந்தாலே கடத்திப் புரதங்களின் பெயர்கள் வந்து குவியும். அவற்றை மனப்பாடம் செய்வதில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதனால் நான் சொல்லிக்கொடுக்கும்போது பெயர்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முதலில் ஒரு பெட்டி வரையச் சொல்வேன். பெட்டிக்கு இடம், வலம் என்று இரண்டு சுவர்கள். எந்தச் சுவரில் எது பொருத்தப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், உப்பு எந்தப் பக்கம் போகும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஒரு தாள், பென்சில், சிவப்புப் பேனா, நீலப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு என்று இங்கே நான் சொல்வது பெரும்பாலும் சோடியம் குளோரைடைத்தான். தண்ணீரில் கரைந்ததும் அது நேர்மின்னூட்டமுள்ள சோடியம் அயனியாகவும் எதிர்மின்னூட்டமுள்ள குளோரைடு அயனியாகவும் பிரிந்துவிடும். சுவரைத் தாண்டுவது இந்த அயனிகள்தான்.

படி 1: பெட்டியை வரையுங்கள்

தாளின் நடுவில் ஒரு பெட்டி. அதுதான் செல். இடது பக்கம் "குழல்" என்று எழுதுங்கள். சிறுநீராக மாறப்போகும் திரவம் ஓடுவது அங்கே. வலது பக்கம் "இரத்தம்". மேலேயும் கீழேயும் பாதிப் பாதிப் பெட்டிகளாகப் பக்கத்துச் செல்களை வரைந்து, குழலை ஒட்டிய மூலைகளில் அவற்றைத் தையல் போட்டு இணைத்துவிடுங்கள். இந்தத் தையலுக்கு இறுக்கச் சந்திப்பு என்று பெயர். இடது சுவரில் பதிந்த புரதம் வலது சுவருக்கு நழுவிப் போகாமல் தடுப்பதில் இதற்குப் பங்கு உண்டு.

சுவர் என்று நாம் சொல்வது செல் சவ்வைத்தான்: சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள இரட்டைக் கொழுப்பு அடுக்கு. அயனி எப்போதும் தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டே திரியும். அந்தப் போர்வையை உதறினால்தான் கொழுப்புக்குள் நுழைய முடியும். உதற ஏகப்பட்ட ஆற்றல் வேண்டும். எனவே வெறும் சவ்வு அயனிகளுக்கு அடைத்த கதவுதான். வழிவிடுபவை சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்.

படி 2: எண்களை எழுதுங்கள்

லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற கணக்கில் தோராயமாக எழுதினால் போதும். சோடியம் வெளியே 140, உள்ளே 12. பொட்டாசியம் வெளியே 4, உள்ளே 140. இந்த நான்கு எண்களையும் பெரிதாக எழுதுங்கள். தாளில் வேறு எதை மறந்தாலும் இவற்றை மறக்கக் கூடாது.

தளம் போடும்போது தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்கு வாட்டம் கொடுப்பார்கள் இல்லையா? இதுவும் அப்படித்தான். சோடியத்துக்கு வெளியிலிருந்து உள்ளே வாட்டம்; பொட்டாசியத்துக்கு உள்ளிருந்து வெளியே வாட்டம். வழி மட்டும் கிடைத்தால் சோடியம் தானாக உள்ளே பாயும். பாய்ந்துகொண்டே இருந்தால் வாட்டம் குறைந்து, ஒரு கட்டத்தில் இல்லாமலே போய்விட வேண்டும். ஆனால் போவதில்லை. ஏன் என்பதுதான் அடுத்த படி.

படி 3: சிவப்புப் பேனாவை எடுங்கள்

வலது சுவரில் ஒரு வட்டம் போடுங்கள். அதிலிருந்து வெளியே ஓர் அம்பு: "சோடியம் 3". உள்ளே ஓர் அம்பு: "பொட்டாசியம் 2". இதுதான் சோடியம்-பொட்டாசியம் பம்ப். இனி நாம் வரையப்போகும் எல்லாவற்றிலும், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியை நேரடியாகச் செலவழிப்பது இது ஒன்றுதான். அதனால்தான் இதற்கு மட்டும் சிவப்பு. மற்ற எல்லாவற்றுக்கும் நீலம்.

இதன் ஒரு சுற்றை மெதுவாகப் பார்ப்போம். முதலில் பம்பின் வாய் செல்லின் உட்பக்கம் திறந்திருக்கிறது. சோடியம் வந்து உட்கார அங்கே மூன்று இடங்கள். மூன்றும் நிரம்பியதும் ஏடிபி தன்னிடமுள்ள ஒரு பாஸ்பேட்டைப் பம்பின் மேல் ஒட்டிவிடுகிறது. உடனே புரதத்தின் உருவம் மாறி, வாய் வெளிப்பக்கம் திரும்புகிறது. சோடியத்தைப் பிடித்து வைத்திருந்த பிடி தளர்ந்து மூன்றும் வெளியே போகின்றன. இப்போது அந்த இடம் பொட்டாசியத்துக்குத்தான் பொருந்தும். இரண்டு பொட்டாசியம் வந்து உட்கார்ந்ததும் பாஸ்பேட் கழன்று விழுகிறது. வாய் மறுபடி உள்ளே திரும்புகிறது. பொட்டாசியம் இரண்டும் உள்ளே இறங்குகின்றன. ஒரு சுற்றுக்கு ஓர் ஏடிபி. மூன்று போய் இரண்டே வருவதால் சுற்றுக்கு ஒரு நேர்மின்னூட்டம் செல்லுக்குக் குறைகிறது.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் யென்ஸ் கிறிஸ்தியன் ஸ்கௌ என்பவர் இதைக் கண்டறிந்து 1957இல் வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டது நண்டுக் கால் நரம்பின் சவ்வுத் துணுக்குகள். அவற்றிலுள்ள ஒரு நொதி, சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்திருக்கும்போது ஏடிபியை வேகமாகச் சிதைத்ததைக் கவனித்தார். 40 ஆண்டுகள் கழித்து, 1997இல், வேதியியலுக்கான நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. ஓய்வில் இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு பம்புக்கே போகிறது.

படி 4: பொட்டாசியத்துக்கு ஒரு வாசல்

உள்ளே வந்துகொண்டே இருக்கும் பொட்டாசியம் எங்கே போகும்? வலது சுவரிலேயே நீல மையில் ஒரு சிறு இடைவெளி விட்டு, பொட்டாசியம் வெளியேறும் அம்பு போடுங்கள். இது பொட்டாசியம் சேனல். ஏடிபி தேவையில்லை, வாட்டம் இருக்கிறது, வாசல் இருக்கிறது, போகிறது. பம்ப் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான அயனிகளைத் தாண்டவைத்தால், திறந்த சேனல் வழியாகக் கோடிக்கணக்கில் ஓடும்.

பொட்டாசியம் தன் நேர்மின்னூட்டத்தோடு வெளியேறுவதால் செல்லின் உட்புறம் எதிர்மின் பக்கம் சாய்ந்து, மைனஸ் 70 மில்லிவோல்ட் அளவுக்கு வந்துவிடுகிறது. இதையும் பெட்டிக்குள் எழுதுங்கள். இப்போது சோடியத்தை இரண்டு விஷயங்கள் உள்ளே இழுக்கின்றன: செறிவின் வாட்டம், எதிர்மின்னூட்டத்தின் கவர்ச்சி.

படி 5: இடது சுவரைத் திறங்கள்

இதுவரை இடது சுவரில் ஒன்றுமே இல்லை. இப்போது அங்கே சோடியம் நுழைய ஒரு நீல வழி போடுங்கள். போட்டதும் படம் உயிர்பெற்றுவிடும். குழலிலிருந்து சோடியம் இடது சுவர் வழியாகத் தானாக உள்ளே இறங்கும். வலது சுவரிலுள்ள பம்ப் அதை இரத்தப் பக்கம் தள்ளும். கதவு ஒரு சுவரில், பம்ப் எதிர்ச் சுவரில் என்று இருப்பதால் சோடியம் ஒரே திசையில்தான் போக முடியும்.

இந்த இரண்டு சுவர்க் கணக்கு முதலில் பிடிபட்டது தவளைத் தோலில். கோபன்ஹேகனில் ஹான்ஸ் உஸ்ஸிங், தவளைத் தோலை இரண்டு அறைகளுக்கு நடுவே பொருத்தி, இரண்டு பக்கமும் ஒரே உப்புக் கரைசலை ஊற்றினார். வெளியே எந்த வாட்டமும் இல்லாதபோதும் சோடியம் தோலின் வெளிப்புறத்திலிருந்து உட்புறத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1958இல் அவரும் கோஃபோட்-யொன்சனும் சேர்ந்து முன்வைத்த விளக்கம்தான் இப்போது உங்கள் தாளில் இருக்கும் படம்.

இடது சுவரின் நீல வழி பல விதமாக இருக்கலாம். சிறுநீரகத்தின் நுண்குழலான நெஃப்ரானின் முதல் பகுதியான அண்மைச் சுருண்ட குழலில் ஒரு வழி, சோடியம் உள்ளே வரும்போது கூடவே ஒரு குளுக்கோஸையும் கைப்பிடித்து அழைத்து வருகிறது. இன்னொன்று, ஒரு சோடியத்தை உள்ளே விட்டு, பதிலுக்கு ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே அனுப்புகிறது. குளுக்கோஸை ஏற்றிவிடுவதும் அமிலத்தை இறக்கிவிடுவதும் சோடியத்தின் வாட்டம்தான். அந்த வாட்டத்தை உண்டாக்கியது சிவப்பு வட்டம்.

இந்த வேலையின் அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டும் திரவம் சுமார் 180 லிட்டர். லிட்டருக்கு 140 மில்லிமோல் சோடியம் என்றால் 25,200 மில்லிமோல். ஒரு மில்லிமோல் சோடியம் 23 மில்லிகிராம். ஆக 580 கிராம் சோடியம், சோடியம் மட்டும்! அதில் 99 சதவீதத்துக்கு மேல் இரத்தத்துக்கே திரும்புகிறது. மூன்றில் இரண்டு பங்கு இந்த முதல் பகுதியிலேயே மீண்டுவிடும்.

படி 6: இரண்டாவது பெட்டி, ஹென்லே வளைவில்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. புதிய பெட்டி வரைந்து, வலது சுவரில் வழக்கம்போல் சிவப்பு வட்டம் போடுங்கள். நெஃப்ரானில் அண்மைச் சுருண்ட குழலுக்கு அடுத்து வருவது ஹென்லே வளைவு; அதன் தடித்த ஏறுபகுதியில் உள்ள செல் இது. இதன் இடது சுவரில் உள்ள கடத்தி, ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என நான்கையும் ஒன்றாகத்தான் உள்ளே எடுக்கும். நான்கில் ஒன்று குறைந்தாலும் நகராது. இரண்டு நேர், இரண்டு எதிர். மின்னூட்டம் சரிக்குச் சரி.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. குழலில் சோடியம் நூறுக்கு மேல், பொட்டாசியமோ வெறும் 4. ஒன்றுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டே போனால் பொட்டாசியம் சீக்கிரமே தீர்ந்துவிடும். வடிகட்டப்பட்ட சோடியத்தில் கால் பங்கை மீட்க வேண்டிய கடத்தி பாதியில் நின்றுவிடும். இதற்கு என்ன வழி என்று படத்தைப் பார்த்து நீங்களே ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கீழே படியுங்கள்.

இடது சுவரிலேயே ஒரு பொட்டாசியம் சேனல் போட வேண்டும். கடத்தி உள்ளே கொண்டுவரும் பொட்டாசியம் அந்த வழியாகக் குழலுக்கே திரும்பிப் போய், அடுத்த சோடியத்தை அழைத்துவருகிறது. குளோரைடுக்கு வலது சுவரில் தனிச் சேனல். பொட்டாசியம் நேர்மின்னூட்டத்தோடு திரும்புவதால் குழல் பக்கம் சற்று நேர்மின்னழுத்தம் பெறும்; அது கால்சியம், மக்னீசியம் அயனிகளைச் செல்களுக்கு நடுவேயுள்ள தையல் வழியாக இரத்தப் பக்கம் தள்ளுகிறது.

இந்தப் படம் சரிதானா என்பதற்குச் சான்று மரபுநோயிலிருந்து வருகிறது. நான்கையும் எடுக்கும் கடத்தி, இடது சுவரின் பொட்டாசியம் சேனல், வலது சுவரின் குளோரைடு சேனல்: மூன்றும் வெவ்வேறு மரபணுக்களின் புரதங்கள். மூன்றில் எது பழுதானாலும் உடல் உப்பை இழக்கும் பார்ட்டர் நோய்க்குறிதான் வருகிறது. படத்தில் நீல அம்புகளை ஒவ்வொன்றாக மறைத்துப் பாருங்கள். எதை மறைத்தாலும் ஓட்டம் நிற்கும்.

படி 7: மீதி நெஃப்ரானை வேகமாகக் கடப்போம்

தொலைச் சுருண்ட குழலில் இடது சுவர்க் கடத்தி ஒரு சோடியத்தையும் ஒரு குளோரைடையும் எடுக்கும். சேகரிப்புக் குழலில் சோடியத்துக்கு வெறும் சேனல்தான். ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் அந்தச் சேனல்களின் எண்ணிக்கையைக் கூட்டும். எல்லா இடத்திலும் வலது சுவரில் அதே சிவப்பு வட்டம்.

சிறுநீர் பிரியவைக்கும் மருந்துகளைப் படத்தில் குறித்துவிடலாம். ஃபுரோசமைடு ஹென்லே வளைவின் நால்வர் கடத்தியை அடைக்கிறது. தயசைடு மருந்துகள் தொலைக் குழலின் கடத்தியை. அமிலோரைடு சேகரிப்புக் குழலின் சேனலை. ஃபுரோசமைடு எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் ஏன் குறைகிறது என்று பலர் கேட்பார்கள். வளைவில் மீளாத சோடியம் சேகரிப்புக் குழலுக்கு அதிகமாக வந்து சேர்கிறது. அங்குள்ள சேனல் வழியாக உள்ளே பாய்கிறது. அந்த நேர்மின்னூட்டம் உள்ளே போன ஈட்டுக்கு இடது சுவரின் பொட்டாசியம் சேனல் வழியாகப் பொட்டாசியம் சிறுநீருக்குள் வெளியேறுகிறது.

படி 8: ஒரே ஒரு பொருளை இடம் மாற்றுங்கள்

மூன்றாவது பெட்டி. இது சிறுகுடல் குழிகளில் உள்ள செல். இடது பக்கம் "குடல்" என்று எழுதுங்கள். வலது சுவரில் பம்ப், பொட்டாசியம் சேனல், எல்லாம் பழையபடியே. நால்வர் கடத்தியின் நெருங்கிய உறவுக்காரக் கடத்தியை மட்டும் இடது சுவருக்குப் பதிலாக வலது சுவரில் போடுங்கள். இடது சுவரில் ஒரு குளோரைடு சேனல். சிஎஃப்டிஆர் என்று பெயர்.

இப்போது அம்புகளைத் தொடருங்கள். குளோரைடு இரத்தப் பக்கமிருந்து செல்லுக்குள் ஏறி, இடது சேனல் வழியாகக் குடலுக்குள் இறங்குகிறது. அதன் எதிர்மின்னூட்டம் சோடியத்தைச் செல்களின் நடுவே இழுக்கிறது. தண்ணீர் பின்னாலேயே போகிறது. பம்ப் இடம் மாறவே இல்லை, ஆனால் உப்பின் திசை தலைகீழாகிவிட்டது. சிறுநீரகச் செல் உப்பை மீட்கிறது, குடல் குழியின் செல் உப்பைச் சுரக்கிறது. கடல்மீனின் செவுளும் சுறாவின் மலக்குடல் சுரப்பியும் அதிகப்படி உப்பை வெளியேற்றுவது இதே அமைப்பால்தான்.

காலராவில் நடப்பதும் இந்தப் பெட்டியில் தெரியும். காலரா நஞ்சு செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பியின் அளவை உயர்த்தி, சிஎஃப்டிஆர் வாசலைத் திறந்தபடியே வைத்துவிடுகிறது. உப்பும் தண்ணீரும் லிட்டர் லிட்டராகக் குடலுக்குள் கொட்டும்.

நான்காவது பெட்டியை நீங்களே வரையுங்கள். அதே குடலில், விரல்போல் நீண்ட குடலுறிஞ்சிகளின் மேலுள்ள செல். இடது சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து எடுக்கும் கடத்தி. உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் முன்வைத்த கருத்து இது. வலது சுவரில் பம்ப். குளுக்கோஸ் வெளியேற ஒரு வழி. காலரா நஞ்சு இந்தக் கடத்தியை முடக்குவதில்லை. பக்கத்துக் குழியில் உப்பு கொட்டிக்கொண்டிருக்கும்போதே, இந்தச் செல்லுக்குச் சோடியமும் குளுக்கோஸும் ஒன்றாகக் கிடைத்தால் இரண்டையும் உள்ளே எடுக்கும், தண்ணீரும் கூட வரும். உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய, வயிற்றுப்போக்குக்குக் குடிக்கக் கொடுக்கும் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸும் 75 மில்லிமோல். உங்கள் பெட்டியின் இடது பக்கத்தில் அந்த இரண்டு எண்களையும் எழுதிவிட்டு, அம்புகளை ஒருமுறை இரத்தம் வரைக்கும் விரலால் தொடர்ந்து பாருங்கள்.