கரையில் நின்று பாய்மரப் படகுப் பந்தயத்தைத் தொடர்வது எப்படி?

நாள்கணக்கில் கடலோரமாக நீளும் இரட்டையுடல் படகுகளின் (நீரில் மிதக்கும் இரண்டு அடிக்கூடுகள், அதாவது ‘உடல்கள்’, பக்கவாட்டில் இணைந்த பாய்மரப் படகுகள்) பந்தயத்தில், ஒவ்வொரு படகின் இருப்பிடத்தையும் காட்டும் ஜிபிஎஸ் வரைபடமே உங்கள் முதல் துணை. எனினும் அதில் தெரியும் புள்ளி சில நிமிடங்கள் பழையதாக இருக்கக்கூடும் என்பதால், அது பதிவான நேரத்தையும் சேர்த்தே பாருங்கள். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ. ஆகையால், 12 நாட் வேகத்தில் வரும் படகு 11 கி.மீ. தொலைவை அரை மணி நேரத்தில் கடந்துவிடும். எதிர்க்காற்றில் மட்டும் இக்கணக்கு பொய்த்துவிடும். அப்போது படகு இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பித்தான் முன்னேற முடியும்.

நிற்குமிடத்தைத் தேர்வதில் அவசரம் கூடாது. கண்மட்டம் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் இருக்கும், 25 மீட்டர் உயரத்திலோ அது 18 கி.மீ. வரை விலகும். எனவே, கடலுக்குள் நீண்டிருக்கும் மேட்டுமுனையே சிறந்தது என்பேன். முதலில் பாயின் நுனி நகக்கீற்றுப்போல் தெரியும், உடல்கள் பிறகே தெரியும். காற்றுப்பக்கத்து உடல் நீரைவிட்டு எழ, மாலுமிகள் இருவரும் கம்பியில் தொங்கியபடி வெளியே சாய்ந்து நிற்கும் அக்காட்சிக்காக எத்தனை மணி நேரமும் காத்திருக்கலாம்.

படகுகள் கரையேறும் இடத்தில், அலை உடையும் பகுதிக்குள் இறங்காதீர்கள். அலையோடு பாய்ந்து வரும் படகை உடனே நிறுத்த இயலாது.