ஓவர்க்ளாக் செய்ய ரேம் வாங்குவது எப்படி: ரங்கூன் வெயிலையும் கரண்டையும் கணக்கில் வைத்து

ரேம் வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது டப்பாவின் மேல் பெரிதாக அச்சடித்த எண்ணைத்தான். 5600, 6000, 7200. அந்த எண்ணில் பொய் இல்லை. ஆனால் ஓவர்க்ளாக் செய்யப் போகிறவருக்கு, அதாவது ரேமை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டப் போகிறவருக்கு, அதைவிட முக்கியமானவை மூன்று: பொடி எழுத்தில் இருக்கும் டைமிங், அதற்குப் பக்கத்தில் இருக்கும் வோல்டேஜ், ஸ்டிக்குக்குள் யாருடைய சிப் என்பது.

ரங்கூனில் தாம்வே பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கும் கேம் ஆடுகிற பிள்ளைகளுக்கும் மெஷின் பூட்டித் தருவது என் வேலை. ஏப்ரலில், திங்யான் என்ற தண்ணீர்த் திருவிழா சமயத்தில், இங்கே அறையே 36, 37 டிகிரியில் கொதிக்கும். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஏசி அறையில் வைத்துச் சோதித்த விமர்சனங்களை மட்டும் நம்பி வாங்கினால், ஏப்ரலில் அதே ரேம் பிழை கொடுக்கும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஊர் மதிய வெயிலில் நிற்க வேண்டிய மெஷினுக்காகச் சொல்வது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. டைமிங்கில் முதலில் வரும் சிஎல் என்ற எண்ணை 2000ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுங்கள். வருவது நானோசெகண்டில் தாமதம். 6000 சிஎல்30 என்றால் 10 நானோசெகண்ட். 6000 சிஎல்40 என்றால் 13.3. டப்பாவில் இரண்டும் ஒரே 6000தான், உள்ளே இவ்வளவு வித்தியாசம். டிடிஆர்5க்கு முந்தைய தலைமுறையான டிடிஆர்4இல் 3200 சிஎல்14 எடுத்தால் 8.75, 3600 சிஎல்18 எடுத்தால் 10. பெரிய எண் இருக்கிற ஸ்டிக்குக்குத்தான் இங்கே தாமதம் அதிகம். கடையில் நிற்கும்போதே போனில் போட்டுப் பார்த்துவிடுங்கள், அரை நிமிட வேலை. இன்னொன்று, பூட்டிய பிறகு, மெஷின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 3000 என்று காட்டினால் பதறாதீர்கள். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் 3000தான் 6000 ஆகிறது.

அடுத்தது சிப். கோர்சேர், ஜி.ஸ்கில், கிங்ஸ்டன் எல்லாம் ஸ்டிக்கை விற்கிறவர்கள். உள்ளே இருக்கும் டிராம் சிப் பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூவரில் ஒருவருடையது. ஓவர்க்ளாக் எவ்வளவு தூரம் போகும் என்பதை முடிவு செய்வது அந்தச் சிப்தான், மேலே ஒட்டியிருக்கும் அலுமினியத் தகடும் விளக்கும் இல்லை. டிடிஆர்4இல் இன்றும் எல்லோரும் தேடுவது சாம்சங் பி-டை என்ற சிப் வகை. அதைக் கண்டுபிடிக்க டைமிங்கே போதும்: 3200இல் 14-14-14, 3600இல் 16-16-16 என்று மூன்று எண்ணும் சமமாக இருந்தால் பெரும்பாலும் அதுதான். 16-19-19 என்றோ 18-22-22 என்றோ பின் எண்கள் பெருத்திருந்தால் வேறு சிப். அது மோசம் என்று அர்த்தமில்லை. மைக்ரான் இ-டை வேகத்தில் நன்றாக ஏறும், டிஆர்எஃப்சி (சிப்பைத் திரும்ப நிரப்ப எடுக்கும் நேரம்) மட்டும் இறுக்க விடாது.

டிடிஆர்5க்கு வந்தால் ஹைனிக்ஸ். ஏ-டை, எம்-டை எது கிடைத்தாலும் சரி. 6000இல் 30-36-36 அல்லது 30-38-38 என்று போட்டிருந்தால் அநேகமாக ஹைனிக்ஸ்தான். 40-40-40 என்றால் சாம்சங்காக இருக்க வாய்ப்பு அதிகம், அதை வாங்கி ஓவர்க்ளாக் செய்ய உட்கார்ந்தால் நேரம்தான் போகும்.

பழைய ஸ்டிக் வாங்குகிறவர்கள் லேபிளைக் கட்டாயம் படியுங்கள். 2025 கடைசியிலிருந்து விலை ஏறியதில் பழைய டிடிஆர்4க்கு இங்கேயும் கிராக்கி கூடிவிட்டது. கோர்சேர் லேபிளின் ஓரத்தில் 'வெர்' என்று போட்டு மூன்று இலக்கம் இருக்கும். முதல் எண் 3 என்றால் மைக்ரான், 4 என்றால் சாம்சங், 5 என்றால் ஹைனிக்ஸ். 4.31 என்று இருந்தால் அது பி-டை, பேரம் பேசாமல் எடுத்துக்கொள்ளலாம். ஒரே பெயர், ஒரே வேகம் போட்ட இரண்டு ஸ்டிக்கில் ஒன்றில் 4.31, மற்றதில் 5.32 என்று இருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு கடையில் தனித்தனிப் பாக்கெட்டிலிருந்து எடுத்து ஜோடி என்று கட்டிக் கொடுத்த சரக்கு அது. வாங்கிக்கொண்டு வந்த பையன் ஒரு மாதமாக நீலத்திரையோடு போராடியிருக்கிறான். ஆகவே ஜோடி என்றால் ஒரே பாக்கெட்டில் முத்திரையோடு வந்த ஜோடியாக இருக்க வேண்டும்.

நாலு ஸ்டிக் போட்டு நாலு துளையையும் நிரப்பும் ஆசையை விட்டுவிடுங்கள். ரைசன் 7000 வரிசையில் நாலு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி அதிகாரபூர்வமாகப் பொறுப்பேற்கும் வேகம் 3600தான். 32 ஜிபி வேண்டுமா, இரண்டு 16. எடிட்டிங்குக்கு இன்னும் வேண்டுமா, இரண்டு 24 அல்லது இரண்டு 32. பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது துளைகளில் மாட்டுங்கள்.

"அண்ணே, 7200 வாங்கிட்டா இன்னும் வேகமாதானே போகும்?" என்று கேட்காத ஆள் இல்லை. எந்தப் பிராசசர் என்று திருப்பிக் கேட்பேன். ஏஎம்டியின் டிடிஆர்5 போர்டான ஏஎம்5இல் 6000தான் நல்ல இடம். 6400ஐத் தாண்டினால் பெரும்பாலான பிராசசர்களில் ரேமோடு பேசும் பகுதியான மெமரி கன்ட்ரோலர் ரேமின் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். அந்த இழப்பை ஈடுகட்ட 8000 வரை ஓட வேண்டும். பழைய ஏஎம்4இல் ரைசன் 5000 என்றால் 3600, நல்ல பிராசசர் அமைந்தால் 3800. இன்டெலில் 12, 13, 14ஆம் தலைமுறைக்குப் போர்டைப் பாருங்கள்: பி660, பி760, இசட் வரிசை என்றால் ரேமை ஓவர்க்ளாக் செய்யலாம். எச்610 போர்டில் முடியாது, அதற்கு விலை கூடின ரேம் வாங்குவது வீண் செலவு.

இனி வெயில். டிராம் என்பது கோடிக்கணக்கான ஓட்டைக் குடங்கள் மாதிரி. மின்சாரம் சிறிது சிறிதாக ஒழுகிக்கொண்டே இருக்கும், குறிப்பிட்ட இடைவெளியில் திரும்ப நிரப்ப வேண்டும். அந்த இடைவெளிக்குப் பெயர் டிஆர்இஎஃப்ஐ. டிடிஆர்4இல் வழக்கமான அளவு 7.8 மைக்ரோசெகண்ட், டிடிஆர்5இல் 3.9. ஓவர்க்ளாக் செய்கிறவர்கள் இதை நீட்டுவார்கள். நிரப்புகிற வேலை குறைந்தால் வேகம் நன்றாகவே கூடும். ஆனால் சூடு ஏற ஏற ஒழுகலும் கூடும். பி-டையை 1.45 வோல்ட்டில் இறுக்கிப் பிடித்தால், காலையில் சுத்தமாக ஓடுகிற ஸ்டிக் 50 டிகிரியை நெருங்கியதும் பிழை விட ஆரம்பிக்கும். அறையே 37 டிகிரி என்றால் மிச்சம் இருப்பது 13 டிகிரிதான். கிராபிக்ஸ் கார்டிலிருந்து எழும்பும் காற்றே அதைத் தின்றுவிடும்.

அதனால் இரண்டு ரேம் ஒரே டைமிங்கில் இருந்தால், குறைந்த வோல்டேஜ் போட்டதை எடுங்கள். 6000 சிஎல்30 ஒன்று 1.35 வோல்ட்டிலும் இன்னொன்று 1.4 வோல்ட்டிலும் கிடைக்கும். முதல் ஸ்டிக்கில் சிப் தரம் கொஞ்சம் கூட, சூடும் குறைவு, பிறகு ஏற்றுவதற்கு இடமும் இருக்கும். டிடிஆர்5இல் வோல்டேஜை மாற்றும் பிஎம்ஐசி சிப் ஸ்டிக்கின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதுவும் சூடாகும். தகடு அந்தச் சிப்பைத் தொட்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், விளக்கு எத்தனை நிறம் என்று பார்க்க வேண்டாம். பூட்டியதும் ஸ்டிக்குகளின் மேல் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறியைக் கட்டிவிடுங்கள். விலை கூடின ரேமுக்குப் போகிற காசில் சிறு துண்டுதான் அது, பலனோ கண்கூடு.

சோதனையை விடியற்காலையில் செய்து திருப்திப்படாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு, ஏசி போடாமல், ரேமைச் சோதிக்கும் டெஸ்ட்மெம்5 மென்பொருளை அன்டா777 எக்ஸ்ட்ரீம் அமைப்போடு ஓடவிட்டு, கூடவே எச்டபிள்யு-இன்ஃபோ மென்பொருளில் ரேம் சூட்டைப் பாருங்கள். அப்புறம் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்து ஓடவிட்டு இன்னொரு முறை. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு ஆகாது. முதலில் டிஆர்இஎஃப்ஐயைக் குறையுங்கள், பிறகு டைமிங்கைத் தளர்த்துங்கள். வோல்டேஜை ஏற்றிச் சமாளிப்பது கடைசி வழி, ஏனென்றால் அது இன்னும் சூட்டைத்தான் கொண்டு வரும். ஏஎம்5இல் எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசசருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) 1.3ஐத் தாண்டவே கூடாது. 2023இல் சில பிராசசர்கள் கருகிய பிறகு ஏஎம்டியே வைத்த எல்லை அது.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். டிடிஆர்5 போர்டு முதல் முறை எழும்போது ரேமுக்கு ஏற்ற மதிப்புகளைத் தானாகத் தேடிப் பிடிக்கும். திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். ரேம் போச்சு என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள், பொறுங்கள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் இப்படிக் காத்திருக்க முடியாது என்று பலர் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோரைப் போட்டுவிடுகிறார்கள். அது பழைய மதிப்புகளையே எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த நேரத்தில் பிடித்த மதிப்பு கொதிக்கிற மதியத்தில் பொருந்தாமல் போகலாம். எல்லாச் சோதனையும் மதியத்தில் முடித்த பிறகே அதைப் போடுங்கள், ஒரு யுபிஎஸ்ஸும் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் ரேமில் இருப்பது எதுவும் மிஞ்சாது.

எல்லாம் சரியாக நின்றதும் பயாஸில் அந்த அமைப்பைப் பெயர் போட்டுச் சேமியுங்கள். டைமிங் பக்கங்களைப் போனில் படமும் எடுத்து வையுங்கள். ரேம் அமைப்பு எழும்பாமல் போனால் போர்டு தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும், பயாஸை அப்டேட் செய்தால் சேமித்த பெயரே அழிந்துவிடும். படம் இருந்தால் பத்து நிமிடத்தில் திரும்பப் போட்டுவிடலாம்.